ஃபிகோ போனதில் தப்பில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் கால்பந்து வீரர் லூயிஸ் ஃபிகோ பற்றிய கட்டுரைக்கு ‘துரோகி’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு போட்டிருந்தீர்கள். நான் பார்சிலோனா ரசிகன். ஃபிகோ அந்தச் சட்டையில் ஆடிய காலத்திலிருந்தே பார்க்கிறேன். அவர் எங்கள் பரம எதிரியான ரியல் மாட்ரிட்டுக்குப் போன 2000 ஜூலையில் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனாலும் அந்தத் தலைப்பை என்னால் ஏற்க முடியவில்லை. அன்றைக்கு சாயங்காலமே நண்பர்களுக்குள் இதை வைத்துப் பெரிய வாக்குவாதம்.

போனதே துரோகம் என்றால் லூயிஸ் என்ரிகேயை என்ன சொல்வது? ரியல் மாட்ரிட்டில் ஐந்து வருடம் ஆடிவிட்டு 1996-ல் பார்சிலோனாவுக்கு வந்தவர் அவர். நாங்கள் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினோம். ஃபிகோ மாட்ரிட் சட்டையோடு எங்கள் மைதானமான கேம்ப் நூவுக்கு முதல் முறை வந்த 2000 அக்டோபர் ஆட்டத்தில் 2-0 என்று ஜெயித்தோமே, முதல் கோல் அடித்தவர் இந்த என்ரிகேதான். மைக்கேல் லாட்ரப்போ ஃபிகோ மாதிரியே பார்சிலோனாவிலிருந்து மாட்ரிட்டுக்குப் போனவர். 1994 ஜனவரியில் பார்சிலோனா மாட்ரிட்டை 5-0 என்று அடித்தபோது இந்தப் பக்கம் இருந்தார், சரியாக ஒரு வருடம் கழித்து மாட்ரிட் அதே 5-0-ஐத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பக்கம் இருந்தார். அவர் மேல் யாரும் இத்தனை வெறுப்பைக் கொட்டவில்லை.

அப்படியானால் ஃபிகோ விஷயத்தில் மட்டும் ஏன் இவ்வளவு வலி? போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார், அதுதான். ஃப்ளோரன்டினோ பெரஸ் மாட்ரிட் கிளப்பின் தலைவர் தேர்தலில் நின்றபோது, ஃபிகோவைக் கொண்டுவருவேன், முடியாவிட்டால் உறுப்பினர்களின் சந்தாவை நானே கட்டுகிறேன் என்று வாக்குறுதி கொடுத்தார். சில வாரம் முன்புதான் ஐரோப்பியக் கோப்பையை வென்று கொடுத்த அப்போதைய தலைவர் லோரென்சோ சான்ஸையே அந்தத் தேர்தலில் தோற்கடித்தார். ஃபிகோவின் ஏஜென்ட் பெரஸோடு முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருந்தார், பின்வாங்கினால் பெரிய அபராதம். இது உள்ளே ஓடிக்கொண்டிருக்க, ஃபிகோ பார்சிலோனாப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்து நான் இங்கேதான் இருப்பேன் என்று ரசிகர்களுக்கு உறுதி சொன்னார். அதை நம்பினவர்களுக்குத்தான் அடி விழுந்தது. நானும் நம்பினேன். அந்தப் பொய்க்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் பார்சிலோனா நிர்வாகத்தை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. ஒப்பந்தத்தில் எழுதிய விடுவிப்புத் தொகையை, சுமார் 6 கோடி யூரோவை, யார் மேசைமேல் வைத்தாலும் கூட்டிக்கொண்டு போகலாம் என்ற நிலையில்தான் அவரை வைத்திருந்தார்கள். அன்றைக்கு உலகத்திலேயே அதுதான் பெரிய தொகை, யாரும் கட்டமாட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. பார்சிலோனாவிலும் அதே மாதம் தலைவர் தேர்தல், பழைய தலைவர் நூன்யெஸ் விலகிப்போகிற நேரம், வீட்டில் ஆள் இல்லாத சமயம் பார்த்து மாட்ரிட்காரர்கள் வேலையை முடித்தார்கள். புதிதாக வந்த காஸ்பார்ட்டுக்குக் கையில் பணம்தான் மிஞ்சியது. அதை மார்க் ஓவர்மார்ஸ், எமானுவேல் பெட்டி என்ற வீரர்களை வாங்கச் செலவழித்தும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொன்று. 2002 நவம்பரில் கேம்ப் நூவில் ஃபிகோ கார்னர் அடிக்கப் போனபோது பாட்டில்கள் பறந்தன, பன்றித் தலை ஒன்றும் வந்து விழுந்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி வீரர்களை உள்ளே அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தப் படத்தை ‘ரசிகர்களின் பாசம்’ என்று குறிப்பிட்டுப் போட்டிருந்தீர்கள். கத்தலாம், விசில் அடிக்கலாம், ஒரு லட்சம் பேர் சேர்ந்து ஊளையிடலாம், அதெல்லாம் அவருக்கு உரியதுதான். ஒரு மனிதன் தலைக்குக் குறிவைத்துப் பாட்டில் எறிவதைப் பாசம் என்று சிறு பையன்கள் படிக்கிற பக்கத்தில் எழுதாதீர்கள். எங்கள் கிளப் வெட்கப்பட வேண்டிய ராத்திரி அது.

அடுத்த ஞாயிறு லாட்ரப், என்ரிகே இருவரைப் பற்றியும் எழுதுங்கள், அதே கொட்டை எழுத்தில். அவர்களுக்கு என்ன தலைப்பு வைக்கிறீர்கள் என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பார்சிலோனா ரசிகன்