அந்த ஏழு புள்ளி

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டுவலி குறைந்தது கேட்டு நிம்மதி. இங்கே மழை விட்டபாடில்லை.

நீ அனுப்பிய கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். சொல் நினைவுச் சோதனையில் 48 எடுத்த பெரியவர் ஆறு மாதம் கழித்து 41. மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவான திட்ட விலக்கம் 10, மறுபடி சோதித்தால் மதிப்பெண் எவ்வளவு ஒத்துவரும் என்று சொல்லும் மறுசோதனை நம்பகத்தன்மை 0.80. இவற்றிலிருந்து வரும் அளவீட்டுப் பிழை, அதாவது ஒருவரின் மதிப்பெண் தற்செயலாக ஆடும் அளவு, 4.47; அளந்தது இரண்டு முறை என்பதால் 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்க, 6.32. குறைந்த 7-ஐ இதால் வகுத்தால் 1.11. 90 சதவீத எல்லையான 1.645-ஐத் தாண்டாததால் 'மாற்றமில்லை' என்று எழுதிவிட்டாய்.

உளவியலாளர்கள் ஜேக்கப்சனும் ட்ரூவாக்ஸும் 1991-இல் எழுதிய சூத்திரப்படி இது சரிதான். ஆனால் அவர்கள் அதை வகுத்தது மனநல சிகிச்சையின் பலனைப் பார்க்க. அதே சோதனையை இரண்டாம் முறை செய்கிறவருக்கு அது பழகிப்போயிருக்கும் என்பது அதில் இல்லை. உன் ஒப்பீட்டுக் குழு எந்த நோயும் இல்லாமலே சராசரியாக 5 கூடியிருக்கிறதே! பெரியவரிடம் எதிர்பார்க்க வேண்டியது 53. இறக்கம் 7 இல்லை, 12. வகுத்தால் 1.90, 90 சதவீத எல்லையைத் தாண்டிவிட்டது. 95 சதவீதத்துக்கான 1.96-ஐத் தொடவில்லை, அதனால் நோய் என்று முத்திரை குத்தாதே. ஆனால் 'மாற்றமில்லை' என்பதை இன்றே அடித்துவிட்டு அவரை மறுபடி வரச்சொல்.

நம்பகத்தன்மைக்குக் கையேட்டில் உள்ள ஆல்ஃபாவை எடுத்துவிடாதே, கேட்டியா. அது ஒரே அமர்வில் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைத்தான் சொல்லும். 0.80-க்குப் பதில் 0.90 போட்டால், மாற்றம் என்று சொல்லத் தாண்டவேண்டிய எல்லை (பிழையின் 1.645 மடங்கு) 10.4 புள்ளியிலிருந்து 7.4-க்குச் சுருங்கும், வெறும் ஆட்டமும் நோயாகத் தெரியும்.

முதலில் 30 எடுத்தவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். மிகக் குறைவாக எடுத்தவர் மறுமுறை சராசரிப் பக்கம் நகர்வார்; சராசரி 50 என்றால், பழக்கமே சேராவிட்டாலும் அடுத்த முறை 34-ஐ எதிர்பார்க்கலாம். அவர்களுக்கு இரண்டு மதிப்பெண்ணை நேராகக் கழிப்பது போதாது, முதல் மதிப்பெண்ணை வைத்து அடுத்ததைக் கணிக்கும் தொடர்புப்போக்குச் சமன்பாடு வேண்டும்.

பத்துச் சோதனை கொடுத்து ஒன்றில் மட்டும் இறங்கினால் பதறாதே. ஒவ்வொன்றிலும் தவறான இறக்கத்துக்கு 5 சதவீத வாய்ப்பு, அவை ஒன்றையொன்று சாராதவை என்று வைத்தால், ஏதாவது ஒன்றில் அப்படி வர 40 சதவீதம்.

மார்த்தாண்டம் பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்று. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவரை ஒரு தடவை காலையிலும் மறுதடவை சாயங்காலமும் உட்காரவைத்தால் தூக்கக் கலக்கமும் மதிப்பெண்ணில் சேரும். மலையாளம் கலந்து பேசுகிறவருக்கு இரண்டு முறையும் ஒரே மொழியில் சொற்பட்டியலை வாசி.

அந்த 5 எத்தனை நாள் இடைவெளியில் வந்தது என்று பார்த்து எழுது. ஒரு மாதத்தில் எடுத்தது என்றால் ஆறு மாதத்துக்கு அது பெரும்பாலும் அதிகம். மேலே போட்ட 1.90-ஐயும் குறைக்க வேண்டிவரும்.

அன்புடன்,
உன் நண்பன்