நூலக வாரம் நல்லபடியாக முடிந்தது: ஊராருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊராருக்கு, வணக்கம்.

நவம்பர் 14 முதல் 20 வரை நம் கிளை நூலகத்தில் நூலக வார விழா நடந்தது. கடைசி நாள் நன்றியுரை சொல்ல நான் எழுந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடியதில் பாதிப் பேருக்கு நன்றி சொல்லவே முடியவில்லை. அது மனதில் கிடந்து உறுத்துகிறது. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் செய்ததை மட்டும் எழுதுகிறேன். யாரென்று ஊருக்குத் தெரியும்.

முதலில் மாட்டுவண்டிக்காரருக்கு. 1931-ல் நம் மன்னார்குடிப் பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அந்த நடமாடும் நூலகத்தைத் தொடங்கிவைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். பிள்ளைகளுக்கு இதைக் கதையாகச் சொல்வதைவிட வண்டியையே காட்டிவிடலாமே என்றார் நூலகர். ஊரில் இப்போது வண்டிமாடு வைத்திருப்பவர் ஒருவர்தான். போய்க் கேட்டோம். "நெல்லு மூட்டை ஏத்துற வண்டிக்குப் புத்தகம் ஒரு பாரமா?" என்றார். மறுநாள் காலையில் மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசி, வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து வண்டியை நூலக வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். வாடகை வாங்க மறுத்துவிட்டார்.

காலனித் தெருமுனையில் வண்டி நின்றபோது, சம்பா வயலில் களையெடுத்துவிட்டு வந்த ஓர் அக்கா பக்கத்தில் வந்தார். முந்தானையில் கையைத் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். அப்படியும் புத்தகத்தைத் தொடவில்லை. "சேறு ஒட்டிக்கும் தம்பி" என்று சொல்லி மகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டச் சொன்னார். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளையை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்க்க அவரே அழைத்துவந்தார். அக்கா, உங்களுக்கும் நன்றி. அடுத்த முறை கையில் சேறு இருந்தாலும் எடுத்துப் பாருங்கள். துடைத்துக்கொள்ளலாம்.

நூலக வாரம் என்றாலே எனக்கு அடிவயிற்றில் ஒரு பயம் உண்டு. 2018-ல் இதே வாரத்தில், நவம்பர் 16 விடியலில், கஜா புயல் அடித்தது. நூலக ஜன்னல் பிய்ந்து, இரண்டு அலமாரிப் புத்தகங்கள் ஊறி உப்பிப்போயின. தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்த நேரத்தில் யார் யாரைக் கூப்பிடுவது? புத்தகங்களைக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

இந்த ஆண்டு 17-ஆம் தேதி ராத்திரி பெய்த மழையில் சிறுவர் பகுதிக்கு மேலே ஒழுகத் தொடங்கியது. தகவல் தெரிந்து நான் ஓடிப்போவதற்குள் டீக்கடைக்காரரும் ஆட்டோ ஸ்டாண்டுப் பிள்ளைகளும் அலமாரியை நகர்த்திவிட்டார்கள். நெல் வியாபாரி கடையிலிருந்து படுதா வந்துவிட்டது. அப்புறம் காலையில் பிளஸ் டூ மாணவிகள் ஏழு பேர் நனைந்த ஒவ்வொரு புத்தகத்திலும் பத்துப் பக்கத்துக்கு ஒரு செய்தித்தாளை வைத்து, மின்விசிறிக்கடியில் விரித்து நிறுத்தி, தாள் ஈரமாக ஆக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பைண்டிங் பெரியவர் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து மைதா பசை காய்ச்சி எடுத்துவந்து, முதுகு விட்டுப்போனவற்றை ஒட்டிக் கொடுத்தார். நாலே நாலு புத்தகம்தான் போனது. ஒரு அட்டையைத் தடவிப் பார்த்து, "இது இன்னும் இருபது வருஷம் தாங்கும்" என்று அவர் சொன்னபோது, பழைய துக்கம் கொஞ்சம் ஆறியது.

பட்டிமன்றத்துக்குத்தான் கூட்டம் அதிகம். என்னைக் கேட்டால் 19-ஆம் தேதி மாலைதான் விழா. நான்கு பாட்டிகள் நடவுப் பாட்டு பாடினார்கள். ஒருவருக்கு அடி மறந்தால் இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். ஒரு பாட்டி உட்கார்ந்து பாட வரவில்லை என்று எழுந்து, குனிந்து, நாற்று நடுகிற மாதிரி கையை வைத்துக்கொண்ட பிறகுதான் பாட்டு வந்தது. கல்லூரி மாணவி ஒருவர் அத்தனையையும் நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அட்டை போட்டு நூலக மேசையில் வைத்திருக்கிறோம்.

பேச வந்த பேராசிரியர் பொன்னாடை வேண்டாம், அந்தக் காசை நூலகத்துக்கே கொடுங்கள் என்றார். அதைக் கேட்டு ஒன்பது பேர் அங்கேயே ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலர் ஆனார்கள். தினமும் சுண்டல் அவித்துத் தந்த மகளிர் குழுவினர், பாதி வாடகைக்கு மைக்செட் போட்டவர், விடியுமுன் வாசலைக் கூட்டிய தூய்மைப் பணியாளர்கள், கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட மூன்று பெண்களைக் காசு வாங்காமல் ஊரில் இறக்கிவிட்ட ஆட்டோ தம்பி, உங்கள் எல்லோருக்கும் வாசகர் வட்டத்தின் நன்றி.

அப்புறம், கடைசி நாள் மழையில் விட்டுப்போன இரண்டு குடையும், மூடி இல்லாத ஒரு எவர்சில்வர் தூக்கும் நூலகரிடம் பத்திரமாக இருக்கின்றன. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளவும்.

அன்புடன்,
செயலாளர், வாசகர் வட்டம்