ஏறிய கியரிலேயே இறங்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. ஹட்டனுக்கு மாற்றம் கிடைத்ததும், சாந்தியும் பிள்ளைகளும் உன்னோடு வருவதும் பெரிய சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம், மழைதான் விட்டபாடில்லை. நீ கடைசியில் எழுதிய இரண்டு வரிதான் மனதை அரிக்கிறது. வேகன் ஆர் காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நீயே ஓட்டிப் போவாய், ஸ்கூட்டரை லொறியில் போட்டு அனுப்பி அதிலேயே பள்ளிக்கூடம் போய்வருவாய் என்கிறாய். யாழ்ப்பாணத்துத் தரையில் ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி தானாக மெதுவாகும். மலையிறக்கத்தில் விட்டால் வேகம் ஏறும். அந்த வித்தியாசம் உன் கால்களுக்கு இன்னும் தெரியாது.

ஏறும்போது பயப்பட அதிகம் இல்லை. ஹட்டன் கிட்டத்தட்ட 1,270 மீற்றர் உயரம். அங்கிருந்து மலையடியிலுள்ள கித்துல்கலவுக்கு இறங்கும்போது 1,100 மீற்றருக்குக் குறையாமல் கீழே வருகிறாய். ஆட்களோடு 1,100 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரத்திலிருந்து பிரேக்கால் மட்டுமே தாங்கி இறக்கினால், அந்தச் சூடு 35 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அவ்வளவும் நாலு சில்லுக்குள் இருக்கிற பிரேக் பாட் (சுழலும் வட்டை இறுகப் பிடிக்கும் கட்டை), டிரம் இவற்றில்தான் இறங்க வேண்டும். பாட் அளவுக்கு மீறிச் சூடானால் அதிலுள்ள பிசின் ஆவியாகி வட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நிற்கும். அப்போது பெடல் கல்லாக இருக்கும், வண்டி நிற்காது. பிரேக் எண்ணெய் கொதித்தால் எதிர்மாறு: குழாய்க்குள் ஆவிக் குமிழி வந்து பெடல் பஞ்சுபோல் தரைவரை போகும். எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதை மறந்துவிடாதே. டொட் 3 என்ற தரத்து பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 4 என்றால் 230, 155. உன் காரில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று உனக்கு ஞாபகம் இல்லையென்றால் புறப்படும் முன் முழுதாக மாற்று. மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்பினால் போதாது.

ஆகவே இறக்கத்தில் வண்டியைத் தாங்க வேண்டியது எஞ்சின். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதிலேயே இறங்கு என்பது மலைநாட்டுச் சாரதிகளின் பழைய கணக்கு. உன்னுடையது ஒட்டோ கியர். அதனால் லீவரில் கியரைத் தாழ்த்திப் பிடிக்கும் 'எல்' அல்லது 'எஸ்' என்று எது இருக்கிறதோ அதை இறக்கம் தொடங்கும் முன்பே போடு. எஞ்சின் சத்தம் கூடும். பயப்படாதே, வண்டிக்கு ஒன்றும் ஆகாது. பிரேக்கில் காலை வைத்தபடியே வராதே. அழுத்திப் பிடி, வேகம் குறைந்ததும் முழுதாக விடு, காற்றுப் பட்டு ஆறட்டும். பெற்றோல் மிச்சம் பிடிக்கவென்று நியூட்ரலில் விடுகிறவர்களையும், எஞ்சினையே நிறுத்திவிடுகிறவர்களையும் நீயும் கண்டிருப்பாய். எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் போய்விடும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் இறுகிவிடும்.

கருகல் மணம் வந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுக்கி, அரை மணித்தியாலமாவது ஆறவிடு. சூட்டில் தண்ணீர் ஊற்றாதே, டிரம்மில் விரிசல் விழும். சில்லுக்குக் கல் வை. ஓடும்போதே பெடல் தரைக்குப் போய்விட்டால் விடாமல் பம்ப் பண்ணு, கியரைக் குறை, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழு. வேறு வழியே இல்லையென்றால் மலைப்பக்க மண்மேட்டில் உரசி நிறுத்து. கார் நசுங்கினாலும் பரவாயில்லை, பள்ளப் பக்கம் மட்டும் போகக்கூடாது.

இனி முடக்குகளை, அதாவது வீதி வளைவுகளைப் பற்றி. பிரேக் முடக்குக்கு முன்னால், நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். மணிக்கு 30 கிலோமீற்றரில் நிம்மதியாக எடுக்கும் முடக்கை 40இல் எடுத்தால் டயர் தாங்க வேண்டிய விசை கிட்டத்தட்ட 1.8 மடங்கு. ஈரத்தாரில் 40இல் வரும் வண்டி நிற்க, நீ சுதாரிக்கும் நேரத்தையும் சேர்த்தால், சுமார் 30 மீற்றர் வேண்டும். 60 என்றால் 55க்கும் மேல். அவ்வளவு தூரம் முன்னால் தெரியாவிட்டால் அந்த வேகம் உனக்கு உரியதில்லை. வீதியின் இரண்டு ஓரமும் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோல் தெரியும் புள்ளியைப் பார்த்துக்கொண்டே போ. அது உன்னைவிட்டு விலகிப் போனால் முடக்கு விரிகிறது. உன்னை நோக்கி வந்தால் இறுகுகிறது, இன்னும் குறை.

கொண்டை ஊசி முடக்கில் பஸ் முழு வீதியையும் எடுத்துத்தான் திரும்பும், பின்சில்லு உள்பக்கம் வெட்டி வரும். ஹோர்ன் கேட்டால் முடக்குக்கு இப்பாலேயே நின்றுவிடு. இறங்குகிறவன் ஏறுகிறவனுக்கு வழிவிடுவதுதான் அங்கே முறை. ஏறும் லொறி ஒருமுறை நின்றால் திரும்ப எடுப்பது பெரிய பாடு.

ஸ்கூட்டரைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: தினமும் ஓட அது எனக்குப் பிடிக்கவில்லை. அதன் கிளச், சுழற்சி குறைந்தால் தானாக விடுபடும் வகை. இறக்கத்தில் மெதுவாக வரும்போது திடீரென எஞ்சின் பிடி விட்டுப்போகும், வண்டி உருளத் தொடங்கும். அப்போது திரொட்டிலைச் சற்றுத் திருகி மூடினால் கிளச் மறுபடி பிடிக்கும். சின்ன டிரம் பிரேக், பின்னால் ஓர் ஆளும் இருந்தால் சீக்கிரம் சூடாகும். முடிந்தால் கியர் உள்ள 125 அல்லது 150 சீசீ மோட்டார் சைக்கிள் ஒன்று பார். இறக்கத்தில் இரண்டாம் கியர் போதும். வலப்பக்க முடக்கில் சரியும்போது சில்லு உன் பக்கத்திலேயே இருந்தாலும் தலை நடுக்கோட்டுக்கு அப்பால் போகும், அதனால் இடப்பக்கம் ஒதுங்கியே எடு. முடக்குக்குள் வேகம் கூடிவிட்டால் முன்பிரேக்கை இறுக்கிப் பிடிக்காதே. பார்வையைப் போகவேண்டிய பக்கம் வை. பள்ளத்தைப் பார்த்தால் வண்டியும் அங்கேதான் போகும்.

ஹட்டனுக்குப் போகும் வழியிலுள்ள வட்டவளை, நாட்டில் அதிக மழை விழும் இடங்களில் ஒன்று. பாசி, சருகு, கழுவி வந்த மண், ஏற்ற முடக்குகளில் லொறித் தாங்கியிலிருந்து சிந்தும் டீசல் எல்லாம் முதல் தூறலில்தான் மோசமாக வழுக்கும். வானவில் நிறத்தில் ஈரம் மின்னினால் அதன்மேல் சரியாதே. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபின் இன்னொரு பயமும் சேர்ந்துவிட்டது: மேலே தார் முழுசாகத் தெரியும், அடியில் மண் போயிருக்கும். அதனால் எதிரே வருபவனுக்கு இடம் விடவென்று பள்ளப் பக்க ஓரத்தில் சில்லை இறக்காதே. கனமழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்படு. மூடுபனியில் லைட்டைத் தாழ்த்திப் போடு. நாலு சிக்னலையும் ஒன்றாகப் போட்டு ஓடுவது இப்போது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது, ஆனால் நீ எந்தப் பக்கம் திரும்புகிறாய் என்பதையே அது மறைத்துவிடும்.

இரவில் ஓடாதே. 2025 மே 11 கொத்மலை கரண்டியெல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் போனது விடியுமுன் இருட்டில். செப்டெம்பர் 4 எல்ல–வெல்லவாய வீதியில் 15 பேர் போனதும் இரவில்தான். இங்கே எங்கள் வீட்டில் ஓர் இரவு தங்கி, காலை ஐந்தரைக்கு அவிசாவளைப் பக்கம் புறப்பட்டால் வெளிச்சத்திலேயே மலை ஏறிவிடலாம். வழியில் கினிகத்தேனையில் தேநீர் குடித்துப் பிள்ளைகளையும் கொஞ்சம் நடக்கவிடு. பின்சீட்டில் அவர்களுக்கு வயிறு புரட்டும்.

பள்ளிக்கூடம் டிக்கோயாப் பக்கமா, கொட்டகலைப் பக்கமா என்று நீ எழுதவில்லை. அதை எழுது, டயர் எத்தனை வருஷம் ஓடியது என்பதையும் எழுது. மாற்றவேண்டி வந்தால் இங்கேயே மாற்றிக்கொண்டு போகலாம்.

அன்புடன்,
ரவி