தண்ணியில் கவனம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அம்மா முழங்கால் வலி அப்படியேதான். போன மாதம் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை, அதற்கு முந்தினதுக்கும் இல்லை. வேலை இருக்கும். அதைக் கேட்க எழுதவில்லை. 1964 தனுஷ்கோடிப் புயலில் செத்தவர்களுக்கு வைக்கிற புது நினைவுக்கல் இந்த டிசம்பர் 22க்குள் நிற்கவேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்கள். வேலை என் பொறுப்பு.

இந்தத் தடவை கான்கிரீட் தூண் இல்லை. ஒரே கருங்கல். ஏழடி உயரம், மூன்றடி அகலம், எட்டங்குலக் கனம். இரண்டேகால் அடி மண்ணுக்குள் போய்விடும். எடை ஒரு டன்னுக்கு மேலே வரும், அதனால் தூக்கி நிறுத்த முக்காலியும் செயின் பிளாக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அடியில் போடுகிற கான்கிரீட்டில் கம்பி கிடையாது. பாம்பன் காற்றுக்குப் புதுப் பாலத்திலேயே துருப்பிடிக்காத கம்பிதான் போட்டார்கள். சாதாரணக் கம்பி துருவேறினால் இரண்டு மூன்று மடங்கு ஊதும், சுற்றியிருக்கிற கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். நீ படித்தவன், உனக்கு நான் சொல்ல வேண்டாம். இருந்தாலும் சொல்கிறேன், தண்ணியில் கவனம். நீ இப்போது கட்டுகிற இடத்திலும் கவனம்.

எழுத்து ஒன்றரை அங்குல உயரம், கால் அங்குல ஆழம், உளி சாய்த்து 'வி' வெட்டு. மேலாகக் கீறிப் பெயிண்ட் அடித்தால் மணல் இரண்டே வருஷத்தில் தேய்த்துவிடும். முகத்தைத் தென்மேற்கே வைக்கச் சொன்னார்கள், சாலையிலிருந்து தெரியுமாம். கச்சான், அந்தத் தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதங்களில் மணல் வந்து மோதுகிற பக்கமே அதுதான். வேண்டாம் என்றேன். நன்கொடை கொடுத்தவர்கள் பெயரும் முகப்பில் வரவேண்டும் என்று ஒரு பேச்சு. செத்தவர்கள் எழுத்தைவிடப் பெரிசாக வேறாம். பீடத்துக்குக் கீழே போடுங்கள், இல்லாவிட்டால் உளியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

வெட்டின எழுத்தை அழிக்க முடியாது. அதனால் பட்டியலைத் தாளில் அதே அளவுக்கு எழுதி, வீடு வீடாகப் போய் உரக்கப் படித்துக் காட்டி, கைநாட்டாவது வாங்கிக்கொண்டுதான் உளி எடுக்க வேண்டும். பெயர் வைக்காத குழந்தைக்கு 'இன்னார் மகள்' என்று போடலாம். அன்றிரவு கடல் அடித்துக்கொண்டு போன 653ஆம் நம்பர் பாசஞ்சர் ரயிலில் இருந்தவர்களுக்கு என்ன செய்வது? பயணிகளும் ஊழியர்களுமாக நூற்றுக்கு மேலே. எங்கிருந்து வந்தவர்களோ, எல்லாப் பெயரையும் நம்மால் சேர்க்க முடியாது. அவர்களுக்குத் தனியாக ஒரு வரி, கீழே இரண்டு வரி வெறுமை. யாராவது பின்னால் வந்து கேட்டால் வெட்ட இடம் வேண்டும்.

பின்பக்கம் புயலில் உடைந்த பழைய பாம்பன் பாலத்துக்கு. 46 நாளில் மறுபடி ரயில் ஓட வைத்தார்களே, இன்ஜினியர் ஸ்ரீதரன் பெயர் போதும் என்கிறார்கள். அவர் பெயர் கட்டாயம் இருக்கும். கடலில் கிடந்த கர்டர்களைத் தேடி இழுத்துவந்து பூட்டினவர்களுக்கும் ஒரு வரி வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். நீ பார்த்துச் சொல்.

தண்ணி விஷயம். கம்பியில்லாத கான்கிரீட்டுக்குத் தண்ணியில் உப்பின் குளோரைடு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரை போகலாம், கம்பி இருந்தால் 500தான். நீ புத்தகத்தில் காட்டினது. அப்போது நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

பழைய தூண் ஏன் வெடித்தது என்று கேட்கிறவர்களிடம் உப்புக்காற்று என்றே சொல்லி வருகிறேன். காற்று இல்லை தம்பி. தண்ணி லாரி வரவில்லை, கலவை இறுகிவிடும் என்று கிணற்றுத் தண்ணியை ஊற்றச் சொன்னவன் நான். நீ ஒரு விரல் நனைத்து நாக்கில் வைத்து "கரிக்குதுப்பா" என்றாய். ஆட்கள் முன்னால் உன்னை நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. ஆறே வருஷத்தில் விரிசல். அதுவும் அப்பத்தா தடவிப் பார்க்கிற அந்த மூன்று பெயர் மேலேயே. நடுப்பெயரில் 'மு' உதிர்ந்துவிட்டது. அவள் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தத் தடவை நல்ல தண்ணி லாரிக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. வந்ததும் பரிசோதனைக்குப் போகும். பத்து நாள் ஈரச்சாக்கு போர்த்தி நனைப்பதற்கும் அதே தண்ணிதான்.

பட்டியல் நகல் இத்துடன் இருக்கிறது. பதினோராவது பெயரில் றகரமா ரகரமா என்று எனக்கும் அம்மாவுக்கும் தகராறு. சிவப்பு மையில் திருத்தி அனுப்பு. கல் நிறுத்துவது 20ஆம் தேதி காலை, வெயிலுக்கு முன்னால். ரசமட்டம் பார்க்க ஒரு ஆள் குறைகிறது.

அப்பா