மாதுளை இலையில் கரும்புள்ளி

சேலம்,
ஆடி 28

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் தொட்டியில் சின்னதாக வளர்த்து அனுப்பிய மாதுளைப் போன்சாயின் இலையில் கரும்புள்ளி என்று நீ எடுத்து அனுப்பிய ஐந்து படங்களும் வந்தன. மூன்றில் இலையைவிட உன் கட்டைவிரல்தான் பெரிதாகத் தெரிகிறது. மீதி இரண்டு போதும். இதையெல்லாம் போனில் தட்டி எழுத என் விரலுக்குப் பொறுமை இல்லை. ஆகையால் தாளில் எழுதி, அம்மாவிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். "மகளுக்குக் கடிதமா, மரத்துக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதவே விட்டாள்.

முதலில் ஒன்று. "மரத்தைக் கெடுத்துட்டேன்ப்பா, வந்து எடுத்துட்டுப் போயிடுங்க" என்று சொன்னாயே, அந்தப் பேச்சு வேண்டாம். கெடுத்தது நான்தான். தொட்டியின் அடியில் ஒரு சீட்டு ஒட்டி அனுப்பினேன், நினைவிருக்கிறதா? "காலை ஒரு முறை, மாலை ஒரு முறை தண்ணீர். மாலையில் இலை முழுவதும் நனையப் பூவாளியால் தெளிக்கவும்." அது சேலத்துக்கு எழுதின சீட்டு. இங்கே சித்திரை வெயிலில் மொட்டைமாடிச் சுவர் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் கொதிக்கும். சாயங்காலம் இலையை நனைத்தால் அரை மணியில் காய்ந்துவிடும். பெங்களூரில் ஆடி மாதம் அப்படியா? நாள் முழுக்கத் தூறல், நீயும் சொன்னபடி தவறாமல் மாலையில் தெளித்திருக்கிறாய். விடிய விடிய இலை ஈரமாகவே இருந்திருக்கும். பூஞ்சாணத்தின் வித்து காற்றிலும் மழைச் சாரலிலும் எப்போதும் வந்து விழுந்துகொண்டேதான் இருக்கும். அது முளைத்து இலைக்குள் இறங்க, இலைமேல் சில மணி நேரம் ஈரம் நிற்க வேண்டும். அந்த ஈரத்தை நாம் இரண்டு பேருமாகச் சேர்ந்து கொடுத்திருக்கிறோம். சீட்டைக் கிழித்துப் போடு.

படத்தில் தெரிவது இலைப்புள்ளி நோய் என்றுதான் நினைக்கிறேன். உருண்டையாகச் சின்னச் சின்னப் புள்ளி, கருஞ்சிவப்பு கலந்த பழுப்பு, சுற்றிலும் மஞ்சள் வளையம். புள்ளி விழுந்த இலை வெளிறி மஞ்சளாகி உதிர்கிறது என்கிறாய். மாதுளையில் செர்கோஸ்போரா என்ற பூஞ்சாணம் இப்படித்தான் வரும். ஆனால் மருந்து வாங்க ஓடுவதற்கு முன்னால் இரண்டு காரியம் செய். புள்ளியை ஈர விரலால் தேய்த்துப் பார். கறுப்பு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் அது கரும்பூசணம். மாவுப்பூச்சியோ வெள்ளை ஈயோ விடும் தேன் போன்ற பிசுபிசுப்பின் மேல் வளர்வது அது. பூச்சியைத் துடைத்து எடுத்தால் அதுவும் போய்விடும், பூஞ்சாண மருந்துக்கு வேலையே இல்லை.

அப்புறம் புள்ளி விழுந்த ஒரு இலையைக் கிள்ளி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார். புள்ளியைச் சுற்றி எண்ணெய்க் காகிதம் மாதிரி ஈரம் கோத்து ஒளி ஊடுருவினால் கொஞ்சம் கவலைப்பட வேண்டும். அது பாக்டீரியா கருகல். மகாராஷ்டிரத்தில் 'தெல்யா' என்பார்கள், எண்ணெய்ப் புள்ளி என்று பொருள். அங்கேயும் கர்நாடகத்திலும் தோட்டம் தோட்டமாக மாதுளையை அழித்த நோய் அது. இலையோடு நிற்காது. குச்சிக் கணுவில் கறுத்து வெடிக்கும், காயில் எல், ஒய் எழுத்துகள் மாதிரி பிளவு விழும். அதற்குப் பூஞ்சாண மருந்தை எத்தனை தடவை அடித்தாலும் கேட்காது, தாமிர மருந்துதான் ஓரளவு கேட்கும். உன் படத்தில் குச்சிகள் சுத்தமாக இருப்பதால் எனக்குப் பயமில்லை. ஆனாலும் வெளிச்சத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பு. இந்த முறை கட்டைவிரல் வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். பாதிக்கு மேல் புள்ளி விழுந்த இலைகளை எல்லாம் காம்போடு கத்தரித்து எடு. பிடித்து இழுக்காதே, மாதுளைக் குச்சியின் தோல் உரிந்துவிடும். ஒன்றிரண்டு புள்ளி மட்டும் இருக்கிற இலை இருக்கட்டும், மரத்துக்குச் சாப்பாடு செய்து தருவது அதுதானே. கத்தரிக்கோலை ஒவ்வொரு கிளைக்கும் ஸ்பிரிட் பஞ்சால் துடை. தொட்டிக்குள் பாசிமேல் கிடக்கும் பழைய இலைச் சருகை விரலால் பொறுக்கி எடு. நோயின் வித்து அடுத்த தூறல் வரை அங்கேதான் உட்கார்ந்திருக்கும், துளி தெறிக்கும்போது மறுபடி மேலே ஏறும். எடுத்ததை எல்லாம் கவரில் கட்டிக் குப்பையில் போடு. உன் பால்கனியில் இருக்கும் உரக்கூடையில் போட்டுவிடாதே.

மரத்தின் உள்பக்கமும் அடர்ந்து கிடக்கிறது. போன்சாய் என்றால் தலை புசுபுசுவென்று இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஓர் ஆசை. எனக்கும் உண்டு, அதனால்தான் கிள்ளிக் கிள்ளி அப்படி வளர்த்தேன். காற்றுப் புகாத தலை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே நோக்கி வளரும் மெல்லிய குச்சிகளை மட்டும் எடுத்துவிடு. தடித்த கிளையில் கை வைக்காதே, கவாத்துக்கு இது நேரமில்லை. தொட்டியைச் சுவர் ஓரத்திலிருந்து கம்பி வேலிப் பக்கம் நகர்த்தி, ஒரு செங்கல்மேல் தூக்கி வை. காலை வெயில் நேராக விழ வேண்டும். மாதுளை வெயில் தின்று வளரும் செடி. மேலே இருக்கும் பால்கனியிலிருந்து தண்ணீர் சொட்டாத இடமாகவும் பார்த்துக்கொள்.

தண்ணீர் இனிமேல் காலையில் மட்டும், அதுவும் மண்ணுக்கு மட்டும். தினமும் ஊற்ற வேண்டும் என்பதும் இல்லை. ஐஸ் குச்சி ஒன்றைத் தொட்டி ஓரத்தில் செருகி வைத்து, காலையில் உருவிப் பார். ஈரமாக வந்தால் அன்றைக்கு விட்டுவிடு.

இனி மருந்து. உரக்கடையில் மான்கோசெப் 75 நனையும் தூள் என்று கேள். லிட்டருக்கு 2 கிராம். உனக்கு அரை லிட்டர் போதும், அதற்கு 1 கிராம். காப்பித் தூளை நிறுத்துப் போடுகிறேன் என்று ஒரு தராசு வாங்கி வைத்திருக்கிறாயே, அதைக் கேலி செய்ததற்கு மன்னித்துக்கொள், இப்போதுதான் அதற்கு ஒரு நல்ல வேலை வந்திருக்கிறது. தட்டில் படாமல் பிளாஸ்டிக் கவரில் வைத்து நிறுத்துப் பார். முதலில் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்து, அப்புறம் மீதித் தண்ணீரில் கரை. மாதுளை இலை வழவழப்பானது, மருந்து உருண்டு ஓடிவிடும். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டால் ஒட்டும். தூறல் இல்லாத காலையில், வெயில் ஏறும் முன் தெளி. இலையின் அடிப்பக்கம்தான் முக்கியம். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். துளசியையும் கறிவேப்பிலையையும் முதலில் உள்ளே எடுத்து வைத்துவிடு. பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை, தேவைப்பட்டால் மூன்றாவது. மருந்துப் பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். இந்த வருஷம் காய் பிடித்தால் அது அழகுக்கு மட்டும், யாரும் வாயில் வைக்க வேண்டாம்.

தாத்தா இருந்திருந்தால் மான்கோசெப்பைக் கேட்டுச் சிரித்திருப்பார். ஏற்காட்டு எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவர். மழைக்கு முன்னால் காப்பிச் செடிக்குத் துரு நோய் வராமல் இருக்க மயில்துத்தம் என்ற நீலத் தாமிர உப்பும் சுண்ணாம்பும் பீப்பாயில் கரைத்து அடிப்பார்கள். அந்த நாட்களில் அவர் கை நகம் எல்லாம் நீலம் பூத்திருக்கும். அந்தக் கையோடு என் கன்னத்தைத் தொட்டுவிட்டார் என்று பாட்டி ஒருநாள் சண்டையே போட்டாள். போர்டோ கலவை என்று அதற்குப் பெயர். பிரான்சில் போர்தோ பக்கம், பாதை ஓரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்னாமல் இருக்க இந்த நீலக் கரைசலைத் தெளித்து வைப்பார்களாம். அப்படித் தெளித்த கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததை மில்லார்தே என்ற பேராசிரியர் 1882இல் கவனித்தார். 1885இல் செய்முறையை வெளியிட்டார். திருட்டுக்குப் பயந்து அடித்தது நோய்க்கு மருந்தாகிவிட்டது. லிட்டருக்கு 10 கிராம் துத்தம், 10 கிராம் சுண்ணாம்பு. கலவையில் இரும்புக் கத்தியை நனைத்து எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது, படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று கணக்கு. நீ இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. குளிரும் ஈரமுமாக இலை மெதுவாகக் காயும் ஊரில் தாமிரம் இளந்தளிரைச் சுட்டுவிடும். அதனால்தான் உனக்கு வேறு மருந்து சொன்னேன்.

தெளித்த மறுநாள் போன் செய்து "புள்ளி போகலையேப்பா" என்று சொல்லாதே. விழுந்த புள்ளி போகாது. மருந்து செய்வதெல்லாம் அடுத்த இலையில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான். மூன்று வாரம் கழித்து வரும் சிவந்த தளிரைப் பார். அது சுத்தமாக வந்தால் நாம் ஜெயித்தோம். இலை நிறைய உதிர்ந்து பயமாக இருந்தால், ஒரு சின்னக் குச்சியின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டு. அடியில் பச்சை தெரிந்தால் மரம் நன்றாக இருக்கிறது. மார்கழிக் குளிரில் மஞ்சளாகி உதிர்ந்தால் அதற்கும் பயப்படாதே, குளிர்ந்த ஊரில் மாதுளை அப்படிக் கொஞ்சம் ஓய்வெடுக்கும்.

இந்த மூன்று வாரம் உரம் வைக்காதே. தொட்டி மாற்றாதே. கிளையை வளைக்கக் கம்பி கட்டாதே. இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

உன் புளியமரம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் தண்ணீர் ஊற்றுவாயே, "குட்டை" என்று பெயர் வைத்திருந்தாயே, அந்தப் போன்சாய். நீ காலேஜ் விடுதிக்குப் போன வருஷம், அதை ஆபீஸ் நண்பர் ஒருவர் ஆசையாகக் கேட்டார், கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஒவ்வொரு தீபாவளிக்கும் "குட்டை எப்படிப்பா இருக்கு?" என்று கேட்பாய், "நல்லா இருக்கும்மா" என்பேன்.

யாருக்கும் கொடுக்கவில்லை கண்ணு. நான் கொன்றுவிட்டேன். அந்தச் சித்திரையில் தளிர் இலையில் வெள்ளை மாவு பூத்தது, சாம்பல் நோய். ஒன்றும் பெரிய நோய் இல்லை. புளித்த மோரை நீர்க்கக் கரைத்துத் தெளித்துப் பொறுமையாக இருந்திருந்தாலே தேறியிருக்கும். நீ லீவுக்கு வருவதற்குள் சரி செய்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். நனையும் கந்தகத்தைச் சொன்ன அளவுக்கு இரண்டு மடங்கு கரைத்து, பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு அடித்தேன். 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் கந்தகம் இலையைப் பொசுக்கும் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குச் சேலத்தில் 40க்குக் குறைவில்லை. இலை கருகியதைப் பார்த்து, வேரில்தான் கோளாறு என்று நானே முடிவு செய்து தொட்டியை மாற்றினேன். வேரையும் வெட்டினேன். தெம்பு வரட்டும் என்று கடலைப் புண்ணாக்குத் தண்ணீர் ஊற்றினேன். எல்லாம் ஒரே வாரத்துக்குள். பத்தாம் நாள் தோலைச் சுரண்டினேன், பழுப்புதான் தெரிந்தது. அதற்கப்புறமும் ஒரு மாதம் தண்ணீர் ஊற்றினேன். அம்மாதான் ஒருநாள் பிடுங்கிப் போட்டாள், நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து.

அம்மாவுக்கு அப்போதே தெரியும். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இத்தனை வருஷமும் சொல்லாமல் இருந்தாள்.

வெளிச்சத்தில் பிடித்த இலைப் படத்தை நாளைக்குள் அனுப்பு. மருந்து வாங்கியதும் பொட்டலத்தின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு, அளவைச் சரிபார்த்துச் சொல்கிறேன். அடுத்த முறை நீ வரும்போது அந்த நீலத் தொட்டியை எடுத்துக்கொண்டு போ. சமையலறை ஜன்னல் பக்கம்தான் இருக்கிறது. நீயும் பார்த்திருப்பாய், அம்மா சின்ன வெங்காயம் போட்டு வைத்திருப்பாளே, அது குட்டையின் தொட்டிதான்.

அன்புடன்,
அப்பா