நீலத் துணி போர்த்திய ஓவியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓவியம் வரைந்தால் போர் நின்றுவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். நிற்காதுதான். ஆனால் போரை நடத்துகிறவர்களுக்கு அது உறுத்துகிறது.

நியூயார்க்கில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் வாசலில் பிக்காசோவின் ‘குவெர்னிகா’ ஓவியத்தின் நெசவுப் பிரதி தொங்கியது. 2003 பிப்ரவரியில், இராக் மீதான போருக்கு நியாயம் சொல்ல அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் வந்தபோது அதை நீலத் துணியால் மூடிவிட்டார்கள். கேமராவுக்குப் பின்னணி சரியாக வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். என்னால் அதை நம்ப முடியவில்லை.

1937 ஏப்ரல் 26 அன்று, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அரசை எதிர்த்துப் போரிட்ட தளபதி பிராங்கோவுக்கு ஆதரவாக வந்த ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் அந்நாட்டின் குவெர்னிகா நகரைக் குண்டு போட்டு எரித்தன. பாரிஸிலிருந்த பிக்காசோ சில வாரங்களிலேயே, ஏறக்குறைய 8 மீட்டர் அகலத்தில் இந்த ஓவியத்தை முடித்தார். அதில் விமானமும் இல்லை, குண்டும் இல்லை. இறந்த குழந்தையை ஏந்தி அலறும் தாய், கதறும் குதிரை, உடைந்த வாளோடு கிடக்கும் ஒரு கை. எல்லாமே கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்களில். பார்க்கிற யாருக்கும் அந்தத் தாய் எந்த நாட்டுக்காரி என்று கேட்கத் தோன்றாது.

நம் நாளிதழ்களின் போர்ச் செய்திகளில் ஏவுகணைப் படங்களும் வரைபடங்களும்தான் நிறைய வருகின்றன. ஞாயிறு இணைப்பில் மாதம் ஒருமுறையாவது இப்படிப்பட்ட ஓவியம் ஒன்றை, அதன் வரலாற்றோடு, முழுப் பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்