பட்டறை மூடும்போது தொழிலாளிக்கும் வாங்க வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் நான் வேலை பார்த்த இரும்புப் பட்டறை போன ஆண்டு மூடப்பட்டது. நட்டத்தால் அல்ல. முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில், எடுத்து நடத்த ஆளில்லை. கையில் ஆர்டர் இருக்கும்போதே பிரஸ் மெஷின்களைப் பழைய இரும்புக்காரர் எடை போட்டு லோரியில் ஏற்றிக்கொண்டு போனார். அவற்றை ஓட்டத் தெரிந்த நாங்கள் நட்டஈட்டை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தோம். நாமே வாங்கி நடத்தலாமே என்று பேசிப் பார்க்காமல் இல்லை. பேங்க் கேட்ட அடமானத்துக்கு எங்கே போவது?

இத்தாலியில் 1985-இல் வந்த மார்க்கோரா சட்டத்தில் தொடங்கி இதற்கு வழி செய்திருக்கிறார்கள். மூடும் நிறுவனத்தைத் தொழிலாளர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து வாங்க முன்வந்தால், மாதாமாதம் வரவேண்டிய வேலையிழப்பு உதவித்தொகையை மொத்தமாகப் பெற்று முதலாகப் போடலாம். அரசு ஆதரவுள்ள நிதி நிறுவனமும் கூடவே பணம் போடும். ஆரம்பத்தில் அது மானியமாகவே போனது. சந்தைப் போட்டி கெடுகிறது என்று ஐரோப்பிய ஆணையம் ஆட்சேபித்ததும், 2001-இல் சட்டத்தைத் திருத்தி அதைப் பங்கு முதலீடாக மாற்றினார்கள். அப்படி வாங்கிய நிறுவனமும் சந்தையில் மற்றவற்றைப் போலத்தான்: சரக்கு நன்றாக இருந்தால் விற்கும், இல்லாவிட்டால் விற்காது. அதில் தொழிலாளிக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை.

நம் மலேசியாவில் 2018 முதல் வேலை காப்புறுதித் திட்டம் இருக்கிறது. சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு நாமும் கட்டுகிறோம், முதலாளியும் கட்டுகிறார். வேலை போனால் ஆறு மாதம் வரை பகுதி பகுதியாக உதவித்தொகை வருகிறது. நிறுவனத்தை வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும் அதை ஒரே தடவையில் கொடுத்தால் என்ன? அப்புறம், விற்கப் போகும் முதலாளி முதலில் தன் தொழிலாளர்களிடம் விலை சொல்லி, மூன்று மாதமாவது அவகாசம் தரவேண்டும். சந்தை விலைதான், குறைத்துக் கேட்கவில்லை.

இது நமக்குப் புதிதும் அல்ல. ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், அப்போதைய ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டத் தொழிலாளிகள் சிறுகச் சிறுகக் கட்டிய காசில்தானே தோட்டங்களை வாங்கியது? ஆனால் பங்கு வைத்திருப்பது வேறு, அன்றாட முடிவுகளை எடுப்பது வேறு. நான் கேட்பது இரண்டாவதையும் சேர்த்துத்தான்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். சேமநிதியில் கைவைக்க விடக்கூடாது. ஸ்பெயினில் புகழ்பெற்ற மொண்ட்ராகோன் கூட்டுறவுக் குழுமத்தின் ஃபாகோர் வீட்டு மின்சாதன நிறுவனமே 2013-இல் திவாலானது. தொழில் கவிழ்ந்தாலும் வயதான காலத்துக்கான பணம் மிஞ்சவேண்டும். கூட்டுறவு அமைச்சும் மனிதவள அமைச்சும் சேர்ந்து உட்கார்ந்து, பினாங்கில் சில சிறிய பட்டறைகளிலாவது இதைச் சோதித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு